ஈரலில் ஓர் எழுத்து

தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. என் ரத்த ரிப்போர்ட் என் கைக்கு வருவதற்கு முன்னால் உன் போனுக்குப் போய்விடுகிறது. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வாரம் நீ பெங்களூரிலிருந்து திருச்சிக்கு வருகிறாய், உன் ஈரலை இரண்டாவது தடவை ஸ்கேன் எடுத்துப் பார்க்க. அதில் கொழுப்பு குறைந்திருந்தால் உன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து எனக்கு வைப்பார்கள். குறையாவிட்டால் வைக்கமாட்டார்கள். இதைப் பற்றி உன்னிடம் போனில் பேச முடியவில்லை. நீ எடுத்தவுடன் இன்று என்ன சாப்பிட்டேன் என்று விசாரணையை ஆரம்பிக்கிறாய், எனக்குக் கோபம் வருகிறது, உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதவும் முடியவில்லை. நாலு வரி எழுதினால் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வருகிறேன். புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே காலத்தை ஓட்டிய கண்டக்டர் நான். ரிட்டயர் ஆகிவிட்டாய், உட்கார் என்றால் உடம்பு கேட்கவா போகிறது? போதாக்குறைக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஈரல் கெட்டால் தோல் அரிக்கும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கை ஒரு மாதிரி உதறுகிறது. போன தடவை திருச்சி டாக்டர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவதுபோல வைக்கச் சொன்னார். வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் போய்ச் சொன்னார். நீட்டினேன். கை ரெண்டும் என்னைக் கேட்காமல் ஆடின. ஈரல் கெட்டால் கையும் இப்படி ஆடுமாம், அவர் எழுதிக்கொண்டார். உன் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் மருந்துக் கடையில் சில்லறை இல்லை என்று அந்தப் பையனோடு சண்டை போட்டாள். சண்டை அவனோடு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு இடுப்பில் வலி வந்து, கல் இருக்கிறதா என்று பார்க்கப் புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. கீழே ஓரத்தில் ‘ஃபேட்டி லிவர்’ என்று ஒரு வரி இருந்தது. எனக்குக் கொழுப்பு அதிகம் என்று எங்கள் ஆத்தா சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாளே, இதற்கா ஸ்கேன் என்று டெப்போவில் சொல்லிச் சிரித்தேன். வலித்திருந்தால் கவனித்திருப்பேன். ஈரல் வலிக்காது தம்பி. வாயில்லாப் பிராணி மாதிரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கிடக்கும். நமக்கும் சௌகரியம். பஸ் ஸ்டாண்டில் பரோட்டா, டிரிப்புக்கு ஒரு டீ, டீக்கு ரெண்டு வடை, வீட்டுக்கு வந்து மலை மாதிரி சோறு. இப்படியே வண்டி ஓடியது.

ஆடி பிறந்தால் கேட்கவே வேண்டாம். கீரமங்கலம், வடகாடு பக்கம் பந்தலுக்குப் பந்தல் மொய் விருந்து. கண்டக்டர் என்பதால் எனக்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு, எல்லா வீட்டிலிருந்தும் பத்திரிகை வரும். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்தால் அந்த வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். ‘எங்க வீட்டுச் சோறு எறங்காதோ’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அது தலைமுறைக்கும் நிற்கும். ஆகையால் காலையில் ஒரு பந்தல், மத்தியானத்தில் ஒரு பந்தல், திரும்பி வருகிற வழியில் கையைப் பிடித்து இழுத்தால் இன்னொரு பந்தல். எல்லாவற்றிலும் ஆட்டுக்கறி. மரியாதைக்காகச் சாப்பிட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, கறி நன்றாக இருந்தது.

நீ பெங்களூரில் அந்த லேபில் வேலைக்குச் சேர்ந்து முதல் பொங்கலுக்கு வந்தாயே, அன்றைக்குத்தான் நான் கெட்டுப்போனேன். உன் வேலை என்ன என்று கேட்டேன். எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் கொடுத்து ஈரலில் கொழுப்பு ஏற வைப்போம், பிறகு அதை ஜீன் மூலமாகச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்போம் என்றாய். எலிக்குக் கொழுப்பு ஏற மாதக்கணக்கில் ஆகும் என்றாய். எனக்கு ஓர் ஆடி மாதம் போதுமே என்றேன். நீ சிரிக்கவில்லை. என்னையும் அம்மாவையும் ஆளுக்கொரு குழாயில் துப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாய். பிறகு போனில் சொன்னாய்: ஈரலில் கொழுப்பைக் கரைக்க உதவுகிற ஒரு ஜீனில் எனக்கு ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அப்பன் வழி, ஆத்தா வழி இரண்டிலும். அம்மாவுக்கு இரண்டும் சுத்தம். உனக்கு என்னிடமிருந்து வந்தது ஒன்று, அம்மாவிடமிருந்து வந்த நல்லது ஒன்று. நான் உடனே, அப்படியானால் தப்பு என் மேல் இல்லை, எழுத்தின் மேல்தான் என்றேன். நீ அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஜீன் கதவைத் தொறந்து வச்சுச்சுப்பா. உள்ள வாங்கன்னு கூப்பிட்டது நீங்கதான்.”

நியாயமான பேச்சு. ஆனால் அதே மூச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய், நான் அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அந்தத் தப்பான எழுத்தைத் திருத்த ஊசி வரலாம் என்றாய். எனக்குப் புரிகிற மாதிரி பஸ்ஸை வைத்தே சொன்னாய். ஒரு வைரஸை எடுத்து, நோய் உண்டாக்குகிற சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, நல்ல ஜீனை ஏற்றி ரத்தத்தில் அனுப்பினால் அது நேரே ஈரலில் போய் நிற்கும், அந்த வண்டிக்கு ஈரல்தான் ஸ்டாப்பு. சிலர் இப்படிச் செய்கிறார்கள், சிலர் கெட்ட ஜீனின் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள், சிலர் அந்த ஓர் எழுத்தையே அழித்து எழுதப் பார்க்கிறார்கள். அந்த வைரஸ் வண்டியில் ஒரு சிக்கல், ஒரு தடவை உள்ளே போனால் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்ளும், அடுத்த டிரிப்பை வழியிலேயே மறித்துவிடும் என்றும் சொன்னாய். எலியிலிருந்து மனிதனுக்கு வரப் பல வருஷம் ஆகலாம், வராமலே போகலாம், அதுவரைக்கும் சோற்றைக் குறைத்து நடங்கள், இன்றைக்கு இருக்கிற நல்ல மருந்து அதுதான் என்றாய். இவ்வளவில் என் மண்டையில் தங்கியது ‘ஊசி வரும்’ என்ற ஒன்று மட்டுமே.

அடுத்த ஆடியில் பந்தலுக்குப் பந்தல் நான் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, நீ பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். எனக்கு ஃபேட்டி லிவர், ஆனால் கவலை இல்லை, என் மகனே அதற்கு ஊசி கண்டுபிடிக்கிறான் என்று வாயில் சோற்றோடு சொன்னேன். எல்லாருக்கும் பெருமை. வடகாட்டில் உன் பெரிய மாமா வீட்டு விருந்தில், நான் சொன்னதைக் கேட்டு மாமா உருகிப்போனார். பந்தி விசாரித்துக்கொண்டு வந்தவர் என் இலைக்கு நேரே நின்று, பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டார்.

“மாப்ளைக்கு ஈரல் சரியில்லையாம்டா. ஈரலுக்கு ஈரல்தான் மருந்து. அங்கிட்டு இருக்கிற வறுவலை இங்கிட்டு எடுத்தா.”

இலையில் ஆட்டு ஈரல் வறுவல் குவிந்தது. பக்கத்து இலைக்காரர் தன் பங்கையும் எனக்குத் தள்ளிவிட்டார். அந்த மனுஷர்களின் அன்பை எப்படித் தட்டுவது? மருந்து என்று நினைத்தே தின்றேன். மாமாவைக் குறை சொல்லமாட்டேன். வயிற்றுக்கு ஆகாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே இலையை எடுத்திருப்பார். வராத ஊசியை நம்பி வந்த கறியையெல்லாம் தின்றவன் நான்தான். உன் ஆராய்ச்சியை எனக்கு நானே அனுமதிச் சீட்டாக்கிக்கொண்டேன். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றவனுக்கு இப்படியும் ஒரு கேடு வரும் போலிருக்கிறது.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். கால் வீங்கியது, பிறகு வயிறு. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. திருச்சியில் ‘சிரோசிஸ்’, ஈரல் சுருங்கி இறுகிவிட்டது என்றார்கள், மாற்று ஈரல்தான் வழி என்றார்கள். இங்கே டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி. கண்டக்டருக்கு ஈரல் போய்விட்டதாம், எத்தனை வருஷமாக ஊற்றினாரோ என்று. ஒரு சொட்டுத் தொட்டதில்லை நான். உன் அம்மா தெருவில் இறங்கி ஒவ்வொருத்தராகப் பிடித்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தடுத்தேன். குடித்திருந்தால் நிறுத்துகிறேன் என்றாவது சொல்லலாம், சோற்றை என்னவென்று நிறுத்துவது? உன் அம்மா தன் ஈரலைத் தருகிறேன் என்று முதல் ஆளாக நின்றாள். ரத்த குரூப் சேரவில்லை. டாக்டர் சொன்ன பிறகும், இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்கள், தப்பாக இருக்கும் என்று அவரிடம் வாதாடினாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நீ வந்தாய். குரூப் சேர்ந்தது. ஆனால் உன் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கும் ஈரலில் கொழுப்பு இருக்கிறது, இப்படியே எடுக்க முடியாது, எடையைக் குறைத்துக்கொண்டு சில மாதம் கழித்து வரட்டும் என்றார்கள். டாக்டர் அறை நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று உனக்கு நினைவிருக்குமோ என்னமோ. என் வியாதியைக் கேட்டபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை தம்பி. இந்த வயதில் உனக்கா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் ஈரல் எனக்கு வேண்டாம், நான் உன் ஊசிக்குக் காத்திருக்கிறேன் என்று சொன்னேன். நீ எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். “அது இப்ப எலிக்குத்தாம்பா. எங்கயோ சில நாட்டுல மனுசங்களுக்கு இப்பத்தான் போட்டுப் பாக்க ஆரம்பிச்சிருக்காங்க. அதுவும் ஒங்க ஈரல்ல தழும்பு விழுந்துருச்சு. எழுத்தைத் திருத்துனாலும் தழும்பு தன்னால போயிராது.” நான் கேட்கவில்லை. நீ வரும்போதெல்லாம், போன் பண்ணும்போதெல்லாம், ஊசி ஊசி என்று அடம்பிடித்தேன். நீயும் விடாமல் காலையில் ஓடுகிறாய், சோற்றை விட்டாய், போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறாய். உன் அம்மா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். உன் ஊசி எனக்கு எட்டாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது என்று தெரிந்தும் ஸ்டாப்பில் நிற்கிறவன், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நிற்கிறவன். எனக்குப் பயம். ஆபரேஷன் அறைக்குள் நாம் இரண்டு பேரும் போய், ஒருத்தர் மட்டும் திரும்பி வந்து, அந்த ஒருத்தன் நானாக இருந்துவிட்டால்? அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் ஊசியை இழுத்து மேலே போர்த்திக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்துக்கொண்டேன். உன்னைத் தவிக்க விட்டதுதான் மிச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். உன் அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஊசி என்று ஆரம்பித்தேன். நீ கோபப்படவில்லை.

“ஜீன் தெரபிதான வேணும் ஒங்களுக்கு? நான் தர்றதும் ஒரு வகையில அதுதாம்பா. என் ஈரலை உள்ள வச்சா அதுக்குள்ள இருக்கிற ஜீன் என்னோடது. அதுல ஒரு பாதி அம்மாவோடது. ஒங்ககிட்ட இல்லாத அந்த நல்ல எழுத்து அம்மாகிட்ட இருந்து வருது. எங்க லேபுல இன்னும் செய்ய முடியாதத இந்த டாக்டருங்க ஒரே நாள்ல செஞ்சிருவாங்க.”

உன் அம்மா கீரையிலிருந்து நிமிராமலே சொன்னாள்.

“வருசக்கணக்கா சோத்தைக் கொறைங்க கொறைங்கன்னு வெளிய நின்னு சொன்னேன், கேக்கல. இனி உள்ள போயித்தான் சொல்லணும் போல.”

நீ அந்தப் பக்கம் சிரித்தாய். அவளும் சிரித்தாள். நான் எழுந்து தெருமுனை வரை போய்விட்டேன். செருப்புக்கூடப் போடவில்லை. அங்கே நின்று யோசித்தேன். குரூப் சேரவில்லை என்று சொன்ன அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், இப்போது உன் வழியாக வருகிறாள். அதைத்தான் நான் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தையே எத்தனை தடவை கிழித்தேன் என்று உன் அம்மாவைக் கேள், பெருக்கி அள்ளியவள் அவள்தான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது சில உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனசார ஒப்புக்கொண்டுதான் தருகிறாயா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்பார்களாம். அந்த அறைக்குள் நானும் இல்லை, அம்மாவும் இல்லை. உனக்குப் பயமாக இருந்தால், வேண்டாம் என்று தோன்றினால், அங்கே சொல்லிவிடு. அவர்கள் எங்களிடம், உன் ஈரல் சரிப்பட்டு வரவில்லை என்று மட்டும்தான் சொல்வார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அறையில் நீ என்ன சொன்னாய் என்று நான் எந்தக் காலத்திலும் கேட்கமாட்டேன். ஸ்கேனில் கொழுப்பு குறையாமல் இருந்தால், இன்னும் பட்டினி கிடக்கிறேன் என்று கிளம்பாதே. அளவாகச் சாப்பிட்டு, அளவாக நட. என்னுடைய அந்த எழுத்து உன்னிடமும் ஒன்று இருக்கிறது, அதை நினைத்து நட. பெண் பார்க்கிறபோது வயிற்றில் தழும்பு இருக்கிறது, அப்பாவுக்குக் கொடுத்தது என்று முதலிலேயே சொல்லிவிடு. அதைக் கேட்டு யோசிக்கிற வீடு நமக்கு வேண்டாம். உன் ஊசி வேலையை விட்டுவிடாதே. எனக்கு உதவாவிட்டால் என்ன, பந்தலில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து தன் ஈரல் வறுவலை எனக்குத் தள்ளிவிட்டாரே அந்த மனுஷர், அவர் வயிறும் என் வயிற்றைவிடச் சின்னதில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு, இத்தோடு முடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். மனசு ஒப்பவில்லை. எனக்கு ஒன்று கேட்கத் தெரியாது தம்பி. நாள் முழுக்க டிக்கெட் டிக்கெட் என்று ஊரையே கேட்டவன்தான், அது கவர்ன்மென்ட்டுக்கு. எனக்கென்று கேட்டதில்லை. இலையில் சோறு தீர்ந்தால் உன் அம்மா பார்த்துப் போடுவாள், அவள் பார்க்காவிட்டால் அப்படியே எழுந்து கையைக் கழுவிவிடுவேன். ஒரு தடவை டூட்டி முடிந்து இறங்கும்போது கால் பிசகி, தெரிந்த ஆட்டோக்காரர்கள் வரிசையாக நிற்க, வீடு வரை நொண்டிக்கொண்டே வந்தேன். ஒருத்தரைக் கூப்பிட வாய் வரவில்லை. உன்னிடமும் இதுவரை நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேண்டும் என்று சொன்னதே இல்லை. நீயாக வந்து கொடுத்தாய், நான் மறுத்தேன், நீ வற்புறுத்தினாய், கடைசியில் வாங்கிக்கொண்டேன் என்று ஆகிவிட்டால் எனக்கு மரியாதை. பாரம் முழுக்க உனக்கு. அது சரியில்லை.

ஆகையால் கேட்கிறேன். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாகவும் இருக்கிறது, உன் அம்மாவோடு இருக்க. உன் மனசு ஒப்பினால், உன் ஈரலில் எனக்குக் கொஞ்சம் கொடு தம்பி.

உன் அப்பா